தாராசிங்கின் சர்வீஸ் புக்

எம்.எம்.ஏ. என்ற மூன்றெழுத்தைக் கேட்டால் என் வயதுக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவர் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர்தான். கோயம்புத்தூர்க்காரர். கோதாவில் உடம்பை வளர்த்துக்கொண்டு, சினிமாவில் சண்டை வேடங்களில் நுழைந்து, 1956இல் ‘தாய்க்குப் பின் தாரம்’ எடுத்துப் படமுதலாளி ஆனவர். முன்னால் ஒட்டிக்கொண்ட சாண்டோ என்ற பட்டம் ஜெர்மன் பயில்வான் யூஜின் சாண்டோவின் பெயரிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் உடம்பு நன்றாக இருந்தவர்கள் பலர் அந்தப் பட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு எம்.எம்.ஏ. என்றால் மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம், கை கால்களைப் பூட்டுப் போட்டு மடக்கலாம், கழுத்தை நெரித்துப் பிடிக்கலாம். எல்லாச் சண்டையும் கலந்த ஒரு சண்டை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று, சாதாரணமாக மூன்று சுற்று, சாம்பியன் பட்டத்துக்கு ஐந்து சுற்று. கம்பி வலைக் கூண்டுக்குள் நடக்கும்.

இதைப் பற்றி ஓர் எழுபத்தைந்து வயதுக் கிழவன் ஏன் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் என் பேரன்தான். மகள் வயிற்றுப் பேரன், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ஆறு மாதமாக லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இந்த எம்.எம்.ஏ. கற்றுக்கொண்டிருந்திருக்கிறான். ஒருநாள் கண்ணுக்குக் கீழே கருநீலமாக வீங்கிப்போய் வந்தபோது குட்டு வெளிப்பட்டது. என் மகள் நேரே பாலக்கரைக்கு வந்து, “அப்பா, நீங்க சொன்னாதான் கேப்பான். இது வேணாம்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் உடனே சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. அதனால் ஒரு மாதம் இந்தக் கோப்பைப் படித்தேன். படித்ததில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது நமக்கு அப்படியொன்றும் அந்நியமான சங்கதி இல்லை. நம் வீட்டிலிருந்து உறையூர் எவ்வளவு தூரம்? பிரபாத் ரவுண்டானாவில் ஆட்டோ ஏறினால் கால் மணி நேரம். அந்த உறையூரில் தித்தன் என்ற சோழன் ஆண்டான். அவன் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அப்பனுக்கும் மகனுக்கும் ஒத்துவராமல் மகன் வெளியேறி எங்கோ இருந்தான். ஆமூரில் ஒரு மல்லன். அவனோடு கிள்ளி நேருக்கு நேர் மோதியதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். எண்பதாவது பாட்டு. ஒரு கால் எதிரியின் மார்பில், இன்னொரு கால் அவன் முதுகுப் பக்கத் தந்திரத்தைத் தடுத்துக்கொண்டு, என்று பிடியையே வர்ணித்திருக்கிறார். இதைப் பேரனுக்கு விளக்கியபோது எழுந்து உட்கார்ந்துவிட்டான். “தாத்தா, இது கிரவுண்ட் கன்ட்ரோல்!” என்றான். எனக்குப் பிடித்தது அது இல்லை. பெற்ற தகப்பன் இந்த வெற்றியை வந்து பார்க்க வேண்டும், அவனுக்குச் சந்தோஷமாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று புலவர் ஆசைப்படுகிறார் பாருங்கள், அதுதான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இந்த வீட்டுத் தகராறு இருந்திருக்கிறது.

அடுத்தது என் சொந்தப் பழைய கதை. பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை விட்டுப் போனது 1954இல். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவன் மொழி இன்னும் பல வருடம் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து ‘சவாத்’ பற்றிச் சொல்வார். கையால் குத்துவதோடு பூட்ஸ் காலால் உதைக்கும் பிரெஞ்சுக் குத்துச்சண்டை அது. சவாத் என்றால் பிரெஞ்சில் தேய்ந்துபோன பழஞ்செருப்பு என்று அர்த்தம். பழஞ்செருப்பின் பேரில் ஒரு வீரக்கலையா என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்தப் பழஞ்செருப்பு இந்தக் கதையிலும் வருகிறது. 1993 நவம்பர் 12, அமெரிக்காவில் டென்வர் நகரம். எந்தச் சண்டைக் கலை பெரியது என்று பார்ப்பதற்காக எட்டுப் பேரைக் கூண்டுக்குள் விட்டார்கள். யு.எஃப்.சி. என்று இன்று உலகெங்கும் பெயர் பெற்றுவிட்ட அமைப்பின் முதல் போட்டி அது. கடைசிவரை வந்த இருவரில் ஒருவர் ஜெரார்ட் கோர்டோ, டச்சுக்காரர், சவாத் வீரர். எதிரில் பிரேசிலின் ராய்ஸ் கிரேசி. பார்த்தால் ஒல்லியான ஆள். அவர் கோர்டோவைக் கீழே சாய்த்துக் கழுத்தைப் பிடித்துத் தோற்கடித்துவிட்டார். உதைப்பவனைவிடப் பிடிப்பவன் வென்றது அன்று பலருக்கும் ஆச்சரியம். நம் ஊர்க் குஸ்திக் கொட்டகையில் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். சவாத்தைக் கண்டுபிடித்த பிரான்ஸிலோ எம்.எம்.ஏ. போட்டிக்கு 2020 வரை அனுமதியே இல்லை. பாரிஸில் யு.எஃப்.சி. முதன்முதலாக நடந்தது 2022 செப்டம்பரில்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பேரன் சொன்ன பெயர்களை எல்லாம் தேடிப் படித்தேன். கனடா பஞ்சாபி அர்ஜன் புல்லர், 2021 மே மாதம் சிங்கப்பூரில் பிராண்டன் வேராவை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கியவர். மேடைக்கு வரும்போது தோளில் அனுமார் கதையைத் தூக்கிக்கொண்டு வருவார். மலேசியத் தமிழ்ப் பையன் அகிலன், கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்தவன். சின்ன வயதில் மிகவும் குண்டாக இருந்து, உடம்பை இளைத்து, 2017இல் பென் ஆஸ்க்ரெனோடு உலகப் பட்டத்துக்கே மோதினான். முதல் சுற்றிலேயே தோற்றுப்போனான், அது வேறு. 2024இல் பூஜா தோமர் யு.எஃப்.சி.யில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனாள். எல்லாம் நல்ல கதைகள்தான். ஆனால் இவர்களுடைய கோப்பு இன்னும் மூடவில்லை. எனக்கு முடிவு தெரிந்த ஒரு கோப்பு வேண்டியிருந்தது. சண்டையை விட்ட பிறகு மனிதன் என்ன ஆனான் என்று பார்க்க வேண்டும். என் மகளின் பயமும் அதுதான்.

அப்படி எடுத்ததுதான் தாராசிங் கோப்பு.

எங்கள் சிறுவயதில் தாராசிங் என்றால் ஓர் ஆளின் பெயர் மட்டுமில்லை, ஓர் அளவு. நன்றாகச் சாப்பிடும் பிள்ளையைப் பார்த்து “இவன் தாராசிங் மாதிரி வருவான்” என்பார்கள். சாப்பிடாத பிள்ளையைப் பார்த்து “பெரிய தாராசிங்கு!” என்பார்கள். ஃப்ரீ ஸ்டைல் குஸ்தி என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் தாராசிங், எதிர்ப்பக்கம் தாடியும் தொந்தியுமாகக் கிங்காங். என் மாமா ஒருவர் மதராஸுக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு வந்து, ஒரு மாதம் எங்கள் வீட்டில் ராஜா மாதிரி நடந்துகொண்டார். கிங்காங்கைத் தாராசிங் தலைக்குமேல் தூக்கியதை நடித்துக் காட்ட என்னைத்தான் தூக்குவார். நான் அப்போது முப்பது கிலோ இருந்தால் அதிகம்.

இனி ஒரு குமாஸ்தா படிக்கிற மாதிரி அவருடைய சர்வீஸ் புக்கைப் புரட்டுவோம்.

பிறந்த தேதி: 19.11.1928. ஊர், பஞ்சாப் அமிர்தசரஸ் மாவட்டத்தில் தர்மூசக் கிராமம். விவசாயக் குடும்பம். பணியில் சேர்ந்தது: 1947, சிங்கப்பூர். பயில்வானாக இல்லை. பீப்பாய் செய்யும் ஆலையில் கூலி வேலைக்கு. அங்கேதான் ஹர்நாம்சிங் என்பவரிடம் முறையாகப் பயிற்சி. ஆறடி இரண்டு அங்குல உயரம். மலேயாவில் பெயர் வாங்கி, பிற நாடுகளையும் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார்.

பதவி உயர்வு: 1954, ருஸ்தமே ஹிந்த். இந்தியாவின் பெரிய பயில்வான் என்ற பட்டம். அடுத்தது 1959, கல்கத்தா. கனடாவின் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் பட்டம். அடுத்தது 1968, பம்பாய். அமெரிக்காவின் லூ தெஸ் தோற்றார், உலகச் சாம்பியன் பட்டம் வந்தது. தெஸ் சாதாரண ஆள் இல்லை, அவர்கள் ஊரில் பல முறை உலகப் பட்டம் வைத்திருந்தவர். ஐந்நூறு குஸ்தி, ஒரு தோல்வி கிடையாது என்று தாராசிங்கைப் பற்றிச் சொல்வார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபணை எழும். பேரனே எழுப்பினான். “தாத்தா, அதெல்லாம் ஃபேக். முன்னாடியே பேசி வச்சுக்கிட்டுப் பண்றது.”

அவன் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஃப்ரீ ஸ்டைல் என்ற பெயரில் டிக்கெட் போட்டு நடந்த குஸ்திகளில் யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே பேசிக்கொள்வது உலகம் முழுக்க இருந்த வழக்கம். வடக்கே இதற்கு நூரா குஸ்தி என்று பெயரே உண்டு. பிரெஞ்சில் இதைத் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். நிஜ மல்யுத்தம் ‘லூத்’. டிக்கெட் குஸ்தி ‘கேட்ச்’. ரொலான் பார்த் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1957இல் வெளியிட்ட ‘மித்தொலொழி’ புத்தகத்தின் முதல் கட்டுரையே இந்தக் கேட்ச் பற்றித்தான். வேலையில் சேர்ந்த புதிதில் புதுச்சேரியில் இரவல் வாங்கிப் படித்தது. அவர் சொல்வதன் சாரம் இதுதான்: கேட்ச் பார்க்கப் போகிறவனுக்கு அது நிஜமா பொய்யா என்ற கவலையே இல்லை. கெட்டவன் கெட்டவனாகத் தெரிய வேண்டும், அவன் அடிபட வேண்டும், நியாயம் கண் முன்னால் நடக்க வேண்டும். அதற்குத்தான் காசு கொடுக்கிறான்.

படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துதான் ஞாபகம் வந்தது. துரியோதனன் கடைசியில் சாகப்போகிறான் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்? தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறோம். என் மாமா பார்த்த குஸ்தியில் கிங்காங் தோற்பது முன்பே முடிவாகியிருக்கலாம். ஆனால் அந்த மலையைத் தலைக்குமேல் தூக்குவதைப் பேசி வைத்துக்கொள்ள முடியாது. தூக்கித்தான் ஆக வேண்டும். அதற்கு விடியற்காலையில் எழுந்து தண்டால் எடுத்திருக்க வேண்டும், பஸ்கி போட்டிருக்க வேண்டும், கரலாக்கட்டை சுற்றியிருக்க வேண்டும். பலகை மேடையில் முதுகு விழுவதும் நிஜம்தான். கோயம்புத்தூர் தேவரும் இப்படித்தான், சினிமாச் சண்டைக்காக இல்லாத உடம்பை இருப்பதாகக் காட்டவில்லை.

பேரன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “எங்க ஃபைட் நிஜம் தாத்தா” என்றான். அங்கேதான் எனக்கும் பயம். நிஜமாக அடிப்பவர்களின் கோப்புகளையும் பார்த்தேன்.

முதலில் காமா பயில்வான். 1910 செப்டம்பரில் லண்டனில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோடு மோதினார். ஸ்பிஸ்கோ இரண்டு மணி நேரத்துக்குமேல் குப்புறப் படுத்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். மறுபடி மோத வேண்டிய நாளில் அவர் வரவே இல்லை. பதினெட்டு வருடம் கழித்துப் பட்டியாலாவில் இருவரும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் காமா முடித்துவிட்டார். இதைவிடப் பெரிய பெயர் அந்தக் காலத்தில் கிடையாது. அந்தக் காமா, ஆதரித்த சமஸ்தானங்களும் போய், நாடும் பிரிந்து, 1960இல் லாகூரில் நோயோடும் பணமுடையோடும் காலமானார்.

அடுத்தது அதே குடும்பத்து அக்ரம் பயில்வான். காமாவின் தம்பி மகன். 1976 டிசம்பரில் கராச்சியில் ஜப்பானின் அன்டோனியோ இனோக்கியோடு மோதல். அதே வருடம் ஜூன் மாதம் டோக்கியோவில் முகமது அலியோடு மோதி உலகத்தையே பார்க்க வைத்த அதே இனோக்கி. கராச்சி குஸ்தி பேசி வைத்த குஸ்தியாக நடக்கவில்லை, நிஜமாகிவிட்டது. இனோக்கி கையைப் பூட்டுப் போட்டார். அக்ரம் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. கை போயிற்று. காமா குடும்பத்தின் மானம் அந்தக் கையில் இருப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது முகமது அலியேதான். 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். கூட்டம் நெரிந்தது. அதே வருடம் அக்டோபரில், வேண்டாம் வேண்டாம் என்று பலர் சொல்லியும், லாரி ஹோம்ஸோடு மோதி அடி மேல் அடி வாங்கினார். 1984இல் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஜோதியைப் பிடித்த அந்தக் கை நடுங்கியதை நானும் என் மனைவியும் டி.வி.யில் பார்த்தோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குத்துச்சண்டை பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த மூன்று கோப்பையும் மகளிடம் காட்டியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் தாராசிங் கோப்பில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

1952இலேயே, குஸ்தியில் பெயர் ஏறிக்கொண்டிருந்த நாளிலேயே, சினிமாவில் தலைகாட்டத் தொடங்கிவிட்டார். 1962இல் ‘கிங் காங்’ என்ற இந்திப் படத்தில் கதாநாயகன். மும்தாஜோடு மட்டும் ஒரு டஜன் படத்துக்குமேல். பிறகு தயாரித்தார், இயக்கினார். 1978இல் மொகாலியில் சொந்தமாக ஸ்டுடியோ கட்டினார். கடைசியாக 1983இல் டெல்லியில் குஸ்தி நடத்தி, அத்துடன் போதும் என்று அறிவித்துவிட்டார். யாரும் அவரைக் கோதாவிலிருந்து தூக்கிக்கொண்டு போகவில்லை. தானே நடந்து இறங்கினார். வயது ஐம்பத்து நான்கு.

நாலு வருடம் கழித்து 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் ஆள் இருக்காது. இந்தி ஒரு வார்த்தை புரியாதவர்கள்கூடக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அனுமார் வந்தபோது என் மாமாதான் முதலில் கத்தினார், “டேய், தாராசிங்குடா!” அப்போது அவருக்கே அறுபது தாண்டிவிட்டது. கிங்காங்கைத் தூக்கிய கைகள் சஞ்சீவி மலையைத் தூக்கின. பக்கத்து வீட்டுப் பாட்டி டி.வி.க்கு முன் கற்பூரம் ஏற்றினாள்.

2003 முதல் 2009 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினர். விளையாட்டுக்காரர் ஒருவருக்கு அப்படி நியமனம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. 2012 ஜூலை 12, மும்பையில் தன் வீட்டில் காலமானார். வயது எண்பத்து மூன்று. எதிராளி கிங்காங்குக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. எமில் சாயா என்ற பெயரில் ஹங்கேரிக் குடும்பத்தில் பிறந்து, உலகமெல்லாம் சுற்றி, 1970இல் கார் விபத்தில் அடிபட்டுச் சிங்கப்பூரில் இறந்தார். தாராசிங் கூலி வேலைக்கு வந்து இறங்கிய அதே ஊர். புல்லர் பட்டம் வாங்கியதும் அதே ஊர்.

இந்தக் கோப்பை மூடி வைத்துவிட்டுப் பேரனைக் கூப்பிட்டேன். சர்க்கார் உத்தியோகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. சேருகிற நாளிலேயே ஓய்வு பெறும் நாள் தெரிந்துவிடும். பிறந்த தேதியைப் பார்த்துக் கூட்டினால் போதும். எனக்கு அறுபது வயது முடிகிற மாதத்தின் கடைசி நாள், சாயந்திரம் மாலை போட்டு ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். பயில்வானுக்கு அந்தத் தேதியை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, அவனேதான் எழுதிக்கொள்ள வேண்டும். காமாவுக்கு அப்படி எழுத வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. அலிக்குச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. தாராசிங் எழுதினார். எழுதுவதற்கு முன் வேறு மூன்று உத்தியோகத்துக்கு மனுப் போட்டு வைத்திருந்தார்.

பேரனிடம் இதைச் சொல்லிவிட்டு மூன்று நிபந்தனை வைத்தேன். படிப்பை முடிக்க வேண்டும். தலையில் அடி பட்டால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும், டாக்டர் சொல்லும்வரை பயிற்சிக்குப் போகக் கூடாது. மூன்றாவது, எங்கே போகிறாய் என்று வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். லைப்ரரி கதை கூடாது. அவன் சரி என்றான். என் மகள் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

சென்ற மாதம் சென்னையில் ஒரு சிறிய அமெச்சூர் போட்டி. மகள் வரமாட்டேன் என்றாள். மாப்பிள்ளையும் நானும் போனோம். கூட்டம் நூறு பேர் இருக்கலாம், பெரும்பாலும் பையன்கள். பேரன் முதல் சுற்றில் நன்றாகத்தான் நின்றான். இரண்டாவது சுற்றில் எதிர்ப் பையன் அவனைக் கீழே சாய்த்து வலது கையைப் பூட்டுப் போட்டான். எனக்குக் கராச்சி ஞாபகம் வந்தது. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரன் இடது கையால் எதிராளியின் தொடையில் மூன்று தடவை தட்டினான். நடுவர் உடனே பாய்ந்து பிரித்துவிட்டார். எதிர்ப் பையனே கை கொடுத்து எழுப்பிவிட்டு, முழங்கையை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்தான்.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தட்டினால் போட்டி முடிந்தது. மேற்கொண்டு ஒரு நொடி பிடித்தாலும் அது தவறு. ‘போதும், விட்டுவிடு’ என்று சொல்வதற்கு ஒரு முறையான வழியை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். தட்டினவனைப் பார்த்து அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. அக்ரமுக்கு இந்த வழி தெரியாமல் இல்லை, குடும்பப் பெயர் குறுக்கே நின்றது.

ராத்திரி பஸ்ஸில் வரும்போது, “தட்டிட்டேன் தாத்தா, இன்னும் ரெண்டு செகண்டு தாங்கியிருக்கலாம்” என்றான். “தாங்கியிருந்தா திங்கட்கிழமை பிராக்டிகல் எப்படி எழுதுவே?” என்றார் மாப்பிள்ளை. மூவரும் சிரித்தோம். விடியற்காலையில் வீட்டுக்கு வந்ததும் மகள் ஒன்றும் கேட்காமல் அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் காபி போட உள்ளே போனாள். அடுத்த தடவை வருவாளா என்று நான் கேட்கவில்லை. தித்தன் வந்து பார்த்தானா என்று சாத்தந்தையாரும் அந்தப் பாட்டில் சொல்லவில்லை.

வேறென்ன? ஐம்பது, அறுபதுகளில் தாராசிங்கையோ கிங்காங்கையோ நேரில் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த ஊர், எந்த மைதானம், டிக்கெட் எவ்வளவு என்று எழுதுங்கள். என் மாமா டிக்கெட் விலையை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். சரிபார்க்க இப்போது ஆள் இல்லை.